எண்ணிக்கையும் எதிர்நோக்கும்

தவக்காலத்து ஞாயிறு ஒன்றில், கொடுமுடியில் காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னர், வயது முதிர்ந்த தாய் ஒருவர் கோவில் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். அவருடைய வீட்டுத் துன்பம் இன்னதென்று இங்கே எழுதுவது முறையன்று. அவர் கேட்டதை மட்டும் எழுதுகிறேன். “பத்து வருசமா வேண்டீட்டுத்தானுங்க சாமி இருக்கறேன். ஒண்ணுமே நடக்கலீங்க. இனி எதுக்குங்க சாமி செபமாலையெக் கையில எடுக்கறது?”

குருமடத்தில் கற்ற விடைகள் பல என் நாவின் நுனியில் நின்றன. இறைவன் தாமதிப்பார், மறுக்கமாட்டார், சிலுவையின்றி உயிர்ப்பில்லை, பொறுத்தார் பூமியாள்வார். இவற்றுள் பொய்யானது எதுவுமில்லை. ஆயினும் அன்று அவற்றுள் ஒன்றையும் சொல்ல என்னால் இயலவில்லை. ஏனெனில் அதற்கு முந்திய இரவுதான் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இத்தனை ஆண்டுக் குருத்துவப் பணியின் பலன் என்ன என்று நானே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தத் தாய் கேட்டதும் நான் எண்ணியதும் ஒரே கேள்வியின் இரு வடிவங்களே.

அந்நாள்களில் இரு நூல்களை அடுத்தடுத்துப் படித்தேன். இரண்டும் நம் பகுதியின் மறைப்பணியோடு தொடர்புடையவை. இரண்டையும் எழுதியவர்கள் பாரீஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருக்கள். இரண்டும் ஏமாற்றத்தின் நூல்கள். ஆனால் ஒரே ஏமாற்றம் இரு உள்ளங்களை இரு வேறு திசைகளில் கொண்டுசென்றது எப்படி என்பதை இவற்றைச் சேர்த்துப் படிக்கும்போதுதான் காணமுடிகிறது.

முதல் நூல், ஆபே துபுவா எழுதி 1823-ஆம் ஆண்டு லண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘இந்தியாவில் கிறிஸ்தவத்தின் நிலை குறித்த கடிதங்கள்’. மற்றது, கோவையின் முதல் திருத்தூதுப் பதிலாளாக விளங்கிய ஆயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக், தம் 12 ஆண்டு இந்தியப் பணியைப் பற்றி எழுதிய நினைவுகள். முன்னது வெளிவந்தவுடனேயே பெரும் வாதத்தைக் கிளப்பியது. பின்னது நெடுங்காலம் கையெழுத்துப்படியாகவே கிடந்து, 20-ஆம் நூற்றாண்டில்தான் பரவலான வாசகரை அடைந்தது.

இவ்விரு நூல்களின் பின்னணியைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வது நலம். 17-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினரின் உழைப்பால் கருமத்தம்பட்டியில் வேரூன்றிய கொங்குக் கிறிஸ்தவம், அன்றைய மைசூர் மறைப்பணித்தளத்தைச் சார்ந்திருந்தது. 1773-இல் திருத்தந்தை 14-ஆம் கிளமெந்து இயேசு சபையைக் கலைத்தபோது மேய்ப்பர்கள் அருகினர். பின்னர் பாரீஸ் வேதபோதக சபையினர் அப்பணியை ஏற்றனர். திப்பு சுல்தான் காலத்தில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளாயினர். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. சிதறிய மந்தையைத் தேடிச் சேர்க்கும் வேலை அப்போதுதான் தொடங்கியது.

அந்த வேலையைச் செய்தவர்களுள் துபுவா முதன்மையானவர். பிரெஞ்சுப் புரட்சி மூண்டிருந்த 1792-இல் குருவாகி இந்தியா வந்த அவர், 31 ஆண்டுகள் இம்மண்ணில் உழைத்தார். மக்களைப்போல் உடுத்தி, அவர்கள் உணவை உண்டு, அவர்களிடையே வாழ்ந்தார். 1803, 1804-ஆம் ஆண்டுகளில் மைசூர் நாட்டில் 25,432 பேர் அம்மை நோய்த் தடுப்பூசி பெற உழைத்தார் என்பது பதிவான செய்தி. இத்தகைய ஒருவரைச் சோம்பேறி என்றோ மக்களை வெறுத்தவர் என்றோ ஒதுக்கிவிட முடியாது. எனவே இந்து மக்களிடையே கிறிஸ்துவின் நற்செய்தி வேரூன்றுவது நடைமுறையில் இயலாதது என்று அவர் தம் நூலில் முடிவு கட்டும்போது, நாம் செவி சாய்த்தே ஆகவேண்டும்.

நூலின் முதற்சிறப்பு அதன் நேர்மை. மறைப்பணி அறிக்கைகளில் வெற்றிகளைப் பெருக்கிக் காட்டுவது அன்றும் இருந்தது. இன்றும் இல்லாமல் இல்லை. துபுவாவோ தம் கணக்கைத் திறந்து வைக்கிறார். 25 ஆண்டுகளில், உள்நாட்டு மறைப்பணியாளர் ஒருவரின் துணையோடு, தாம் மனந்திருப்பியவர்கள் 200-க்கும் 300-க்கும் இடைப்பட்டவர்களே என்கிறார். அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் அன்று தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டவர்களும் இரந்துண்டு வாழ்ந்தவர்களுமே. எஞ்சியவர்களிலும் பலர் நாடோடிகள், தம் சாதியாரால் விலக்கப்பட்டோர் என்று கசப்போடு குறிப்பிடுகிறார். தம் தோல்வியை அச்சில் ஒப்புக்கொள்ளும் துணிவு எளிதில் வருவதன்று. பதிவேட்டைத் திறந்து வைத்திருந்த எனக்கு இந்தப் பக்கங்கள் ஓர் உடன்பிறப்பின் குரலாகவே கேட்டன.

ஆயினும் இதே பக்கங்களில்தான் நூலின் குறையும் வெளிப்படுகிறது. ஏழைகளும் ஒதுக்கப்பட்டோரும் திருச்சபையை நாடி வந்ததைத் துபுவா தம் தோல்விக்குச் சான்றாகக் காட்டுகிறார். நற்செய்தியைத் திறந்து பார்ப்போம். திருமுழுக்கு யோவான் சிறையிலிருந்து ஐயத்தோடு ஆளனுப்பிக் கேட்டபோது, இயேசு தம் பணியின் அடையாளங்களாக எவற்றைச் சுட்டினார்? நோயுற்றோர் நலம்பெறுவதையும் ஏழைகள் நற்செய்தி கேட்பதையுமே அல்லவா? ஆண்டவர் அடையாளம் என்று கொடுத்ததைத் துபுவா தோல்விக் கணக்கில் எழுதிவிட்டார். பிராமணர் வருவர், செல்வர் வருவர், அவர்கள் பின்னே நாடே வரும் என்று எதிர்பார்த்திருந்த கண்களுக்கு, வாசலில் வந்து நின்ற இருநூறு ஏழைகள் நிறைவாகத் தெரியவில்லை.

அந்த உள்நாட்டு மறைப்பணியாளர் யார்? இத்தனை ஆண்டுகள் தோள்கொடுத்த அவர் அந்தக் கணக்கில் பெயரில்லாமல் ஒரு துணையாக மட்டுமே வந்து மறைகிறார். மனந்திரும்பியோரை எண்ணிய துபுவா, தம் அருகில் நின்றவரை எண்ண மறந்தார். மறைப்பணியின் வருங்காலம் அந்தப் பெயரற்ற மனிதரிடம் இருந்தது என்பதை அவர் உணர்ந்ததாக நூலில் நான் காணவில்லை.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. திப்புவின் காலத்தில் அத்தனை கிறிஸ்தவர்களுள் ஒருவர்கூட விசுவாசத்தை அறிக்கையிட்டு மறைசாட்சியாக முன்வரவில்லையே என்று துபுவா வருந்துகிறார். அவர்களுள் மிகப்பலர் 1799-க்குப் பின் திரும்பி வந்து, உள்ளத்தில் கிறிஸ்துவை விடவேயில்லை என்று கூறி ஒப்புரவை வேண்டியதையும் அவரே பதிவு செய்கிறார். ஆனால் அந்தத் திரும்புதலுக்கு அவர் எடை தருவதில்லை. ஆலயமும் குருவும் அருட்சாதனமும் இல்லாத ஆண்டுகளில் உள்ளத்தில் மட்டும் காத்து வைத்த விசுவாசத்தை எந்தத் தராசில் நிறுப்பது? மறைசாட்சியத்தை எதிர்பார்த்தவருக்கு மனந்திரும்புதல் சிறிதாகத் தெரிந்தது. பேதுருவும் ஒருநாள் மறுதலித்தார், பின்னர் அழுதார், அதன் பின்னரே திருச்சபையின் பாறையாக நின்றார் என்பதை ஒரு குருவானவர் நினைத்திருக்கவேண்டும்.

துபுவாவின் பிழை அவருடைய ஏமாற்றத்தில் இல்லை. ஏமாற்றம் பாவமன்று. என்னால் இயலவில்லை என்று சொல்லி நிறுத்தியிருந்தால் அவர் நூல் ஒரு தூய பாவசங்கீர்த்தனமாக இருந்திருக்கும். அவரோ யாராலும் இயலாது என்று தீர்ப்பெழுதிவிட்டார். தம் ஆயுளின் நீளத்தை இறைவனுடைய காலத்தின் அளவுகோலாக வைத்துக்கொண்டார். பாளையங்கோட்டையில் ஆங்கிலேயர்களுக்குச் சிற்றாலயக் குருவாயிருந்த ஜேம்ஸ் ஹஃப் 1824-இல் மறுப்பு நூல் எழுதினார். அதில் பெரும்பகுதி எண்ணிக்கைகளுக்கு எண்ணிக்கைகளால் விடை தருவது. எண்ணிக்கையால் வந்த சோர்வு எண்ணிக்கையால் நீங்குமா என்பது என் ஐயம்.

நாடு திரும்பிய துபுவா விசுவாசத்தைத் துறந்தார் என்று எவரேனும் எண்ணினால் அது அவதூறாகும். பாரீஸ் குருமடத்தில் வேதபோதகர்களைப் பயிற்றுவித்தார். 1836 முதல் 1839 வரை அச்சபையின் தலைவராகவும் இருந்தார். 1848-இல் குருவாகவே கண்மூடினார். மறைப்பணி இந்நாட்டில் இயலாது என்று எழுதிய கையே மறைப்பணியாளர்களை அனுப்பி வைத்தது. இம்முரண்பாட்டை ஏளனம் செய்யலாகாது. நாமும் செபம் பயனற்றது என்று மனத்தில் சலித்துக்கொண்டே பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுக்கிறோம் அல்லவா?

இனி இரண்டாம் நூல். 1813-இல் தென்பிரான்சின் காஸ்தெல்னோதாரி ஊரில் பிறந்த பிரெசில்லாக், 1838-இல் குருவானார். தந்தையின் எதிர்ப்பையும் மீறி 1841-இல் பாரீஸ் வேதபோதக சபையில் சேர்ந்தார். 1842 சூலையில் புதுவை வந்திறங்கினார். தமிழ் கற்றார், சேலம் பகுதியில் பணி பழகினார், 1844-இல் புதுவை ஆயர் மன்றத்தின் தீர்மானங்களில் ஆர்வம் கொண்டு, குருமடத் தலைவரானார். உள்நாட்டுக் குருக்களை உருவாக்கி, அவர்கள் கையில் திருச்சபையை ஒப்படைப்பதே வேதபோதகரின் வேலை என்பது அவருடைய உறுதி. துபுவாவின் நூலில் பெயரின்றி நின்ற மனிதரை நடுவில் அமர்த்த வந்தவர் பிரெசில்லாக் என்று சொல்லலாம்.

1846 அக்டோபர் 4-ஆம் நாள் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32. 1850-இல் கோவை தனித் திருத்தூதுப் பதிலாள் ஆட்சிப்பகுதியானது. இத்தனை உயர்வும் அவர் நூலில் மகிழ்ச்சியாகப் பதிவாகவில்லை. கோவா குருக்களுடனான ஆட்சியுரிமைப் பூசல், ஆள்குறை, பணக்குறை ஆகியவற்றை அவரால் தாங்க முடிந்தது. உள்நாட்டுக் குருக்களைச் சமமாக நடத்த உடன்பணியாளர்கள் பலருக்கு மனமில்லாததையே அவரால் தாங்க முடியவில்லை. பக்கத்துக்குப் பக்கம் திரும்பி வரும் வேதனை அது.

அதனோடு மனச்சான்றின் சிக்கல் ஒன்றும் சேர்ந்தது. கிறிஸ்தவர்கள் எந்த உள்நாட்டு வழக்கங்களைக் கைக்கொள்ளலாம், எவற்றை விடவேண்டும் என்னும் ‘மலபார் சடங்குகள்’ வழக்கில், 1744-இல் திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணையைக் காப்பதாக ஒவ்வொரு மறைப்பணியாளரும் உறுதிமொழி எடுக்கவேண்டியிருந்தது. உறுதிமொழி ஒன்றாகவும் நடைமுறை வேறாகவும் இருப்பதைப் பிரெசில்லாக் கண்டார். ஆணைப்படி நடந்தால் மக்களை இழக்கவேண்டும். நடக்காவிட்டால் உறுதிமொழியை இழக்கவேண்டும். தெளிவான விடையை உரோமையிலிருந்து எதிர்பார்த்தார். அது வரவில்லை. பதவி விலக இசைவு கேட்டார். 1855 மார்ச்சில் அது கிடைத்தது.

நினைவுகளை எழுதும்போது அவர் கையில் பதவியில்லை, பணித்தளமில்லை. 12 ஆண்டுகளின் நாட்குறிப்புகள் மட்டுமே இருந்தன. இந்நூலை நான் மதிக்கக் காரணம், இதில் எதிரிகள் இல்லை என்பதே. தம்மோடு ஒத்துழையாத குருக்களைப்பற்றி எழுதும்போதும், தம் அவசரத்தையும் பிடிவாதத்தையும் அடுத்த வரியிலேயே ஆராய்கிறார். துபுவா மக்களை ஆராய்ந்து தீர்ப்பு எழுதினார். பிரெசில்லாக் தம்மை ஆராய்ந்து, தீர்ப்பை இறைவனிடம் விட்டார்.

ஆனால் குறைகளையும் சொல்லவேண்டும். தற்சோதனை சில இடங்களில் எல்லை மீறி, தன்னையே வருத்தும் மனக்கலக்கமாகிவிடுகிறது. அப்பக்கங்களைப் படிப்போருக்குச் சோர்வே மிஞ்சும். அவர் விலகியதால் கோவை மக்கள் ஆயரை இழந்து நின்றார்கள் என்பதையும் மறைக்கமுடியாது. அது மனச்சான்றுக்குப் பணிந்ததா, சிலுவையிலிருந்து இறங்கியதா என்று கேட்க வாசகனுக்கு உரிமையுண்டு. சாதி குறித்தும் அவர் உள்ளம் தெளிவடையவில்லை. மக்களின் வழக்கங்களை மதிக்கவேண்டும் என்ற நல்ல எண்ணம், அவ்வழக்கங்களுள் ஒன்றாகச் சாதியையும் பொறுத்துக்கொள்ளும் நிலைக்கு அருகே அவரைக் கொண்டு சென்றது. சாதிப் பாகுபாட்டை வேரோடு எதிர்த்தவராக அவரைக் காட்டுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. அவரிடம் தெளியாமல் நின்ற அந்த வினா, தமிழகத்தின் சில கல்லறைத் தோட்டங்களில் இன்னும் சுவராக நிற்கிறது.

இத்தனைக்கும் பிறகு அவர் என்ன செய்தார் என்பதில்தான் நூலின் முழுப்பொருள் விளங்குகிறது. வீடு திரும்பி ஓய்வெடுக்கவில்லை. எவரும் செல்லாத ஆப்பிரிக்கப் பகுதிக்குத் தம்மை அனுப்பும்படி வேண்டினார். 1856 டிசம்பர் 8-ஆம் நாள், லியோன் நகரின் ஃபூர்வியேர் அன்னை ஆலயத்தில், சில தோழர்களோடு ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையைத் தொடங்கினார். விரும்பியது தகோமே, கிடைத்தது சியரா லியோன். அங்கும் ஓர் ஏமாற்றம். 1859 மே 14-இல் பிரீடவுன் துறைமுகத்தில் இறங்கியபோது நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. உடனிருந்த குருக்கள் மடிந்தனர். சூன் 25-இல் அவரும் இறந்தார். ஆப்பிரிக்க மண்ணில் அவர் வாழ்ந்தது ஆறே வாரங்கள். வயது 45.

துபுவாவின் கணக்குப்படி பார்த்தால் இது முழுத்தோல்வி. கோவையில் நினைத்தது நிறைவேறவில்லை. ஆப்பிரிக்காவில் தொடங்கவே இல்லை. ஆயினும் லியோனில் எஞ்சியிருந்த அகுஸ்தின் பிளாங்க் அச்சபையைக் கைவிடவில்லை. அச்சபை ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் வேரூன்றியது. இந்தியாவிலிருந்தும் இளைஞர்கள் அதில் குருக்களாகி ஆப்பிரிக்கா செல்கின்றனர். 1940-இல், பிரெசில்லாக்கை வதைத்த அந்த உறுதிமொழியை உரோமை நீக்கியது. அதே 1940-இல் தமிழ்க் குருவான உபகாரசாமி கோவையின் ஆயரானார். விலகல் ஏற்கப்பட்டு 85 ஆண்டுகளுக்குப் பின்! 2020-இல் திருத்தந்தை பிரான்சிஸ், பிரெசில்லாக்கின் வீரத்துவமான நற்பண்புகளை ஏற்று அவரை வணக்கத்துக்குரியவராக அறிவிக்க இசைந்தார்.

இவற்றைச் சொல்லி, பார்த்தீர்களா, இறுதியில் எல்லாம் நிறைவேறிவிட்டது என்று முடிக்க எனக்கு மனமில்லை. அப்படி முடித்தால் நானும் எண்ணிக்கைக்கே திரும்பியவனாவேன். பிரெசில்லாக் இவற்றுள் ஒன்றையும் காணவில்லை. காணாமலே எழுந்து நடந்தார் என்பதே நாம் கற்கவேண்டியது.

நம் பழைய ஞானோபதேசத்தில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று மூன்று புண்ணியங்களை மனனம் செய்தோம். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புக்குப் பின், விசுவாசம் என்றிருந்தது நம்பிக்கையாயிற்று. நம்பிக்கை என்றிருந்தது எதிர்நோக்காயிற்று. முதியோர் சிலருக்கு இம்மாற்றம் இன்றளவும் குழப்பமே. ஆனால் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்பதன் அருமையை இந்நூல்களைப் படித்தபோது உணர்ந்தேன். துபுவாவிடம் விசுவாசம் இருந்தது. அவரிடம் தேய்ந்துபோனது எதிர்நோக்கு. 2025-ஆம் யூபிலி ஆண்டில் எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்று நாம் முழங்கினோம். எதிர்பார்ப்பு என்பது நாம் வகுத்த பயனுக்காகக் காத்திருப்பது. அது பொய்க்கலாம், பொய்க்கவும் வேண்டும். எதிர்நோக்கு என்பது வருபவர் மீது கண் வைத்திருப்பது. முன்னது உடையும்போதுதான் பின்னதை நாம் புதிதாகக் கற்கத் தொடங்குகிறோம்.

எம்மாவுக்குச் சென்ற சீடர்களை நினைத்துப் பாருங்கள். இஸ்ரயேலின் மீட்பைக் குறித்த தங்கள் எதிர்நோக்கை அவர்கள் இறந்த காலத்தில் பேசினார்கள். எல்லாம் முடிந்ததுபோல. உடன் நடந்தவர் உடனே அவர்களைத் திருத்தவில்லை. முதலில் கேட்டார், அவர்கள் முழுவதையும் சொல்லி முடிக்க விட்டார். பின்னர், அவர்கள் சிறுவயது முதல் அறிந்த மறைநூலையே மீண்டும் முதலிலிருந்து கற்பித்தார். புதிய பாடம் ஒன்றும் தரவில்லை. பழைய பாடத்தையே, உடைந்த உள்ளத்தோடு மீண்டும் கற்கச் செய்தார். அன்றிரவே அவர்கள் எழுந்து, எங்கிருந்து சோர்ந்து வந்தார்களோ அந்த எருசலேமுக்கே திரும்பினார்கள்.

வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரி, எங்கள் கொடுமுடியில்தான் கிழக்கே திரும்புகிறது. திரும்பியதால் ஆறு தோற்றுவிட்டது என்று இங்கே எவரும் சொல்வதில்லை. திரும்பிய பின்னரே அது சோழநாட்டு வயல்களைக் காண்கிறது.

அந்தத் தாய்க்கு அன்று நான் விடை கூறவில்லை. மறுவாரம் அவருடைய வீட்டுக்குச் சென்றேன். அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். பத்து ஆண்டுகளின் கதை, ஒரு மாலைப்பொழுது முழுவதும் நீண்டது. முடிவில் செபமாலையை அவர் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன். முதல் பத்து மணிகளை நான் மட்டுமே சொன்னேன். இரண்டாம் பத்தில் அவர் குரல் சேர்ந்தது. அவருடைய துன்பம் இன்னும் தீரவில்லை. திருமுழுக்குப் பதிவேட்டிலும் பக்கங்கள் மிகுதியாகப் புரளவில்லை. ஆனால் அதை எடுத்து எண்ணும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். அதில் எழுதப்பட்ட பெயர்களை, ஒவ்வொன்றாக வாசித்து, அவர்களுக்காகச் செபிக்கப் பழகிவருகிறேன்.